வீடு பார்க்கப் போகிறோமா, எம்மைக் காட்டப் போகிறோமா?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று சொல்லிவைத்த எமது முன்னோர் ரொறன்ரோவில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களல்லர். தேடியிருப்பின் அப்பழமொழியில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர்.

சனி, ஞாயிறு தினங்களில் ஸ்காபரோவின் தெருமுனைகளில் 'ஓப்பன் ஹவுஸ்' என்று எழுதிய பலகைகள் நாட்டப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அவை விற்பனைக்கு வந்த வீடுகளுக்கு உரியவை. குறித்த நேரத்தில் எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். எம்மவரிற் சிலர் வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமலே, கோயிலுக்குப் போய்வரும் வழியில் இறங்கி நான்கு அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கின்றனர். அதிற் தவறொன்றுமில்லை. அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகள்தாம் கவனிக்கத்தக்கவை. கூரை மாற்றி எத்தனை வருடம்? ஃபேர்னஸ் எப்போது போட்டது? பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்ததுண்டா? வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டாலோ, பணம் கொடுத்து ஒரு பரிசோதகரையும் அழைத்து வருகின்றனர்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கே கேள்வி கேட்பவர் வீட்டுக்காரர். எத்தனை பேர்? பிள்ளைகளுக்கு என்ன வயது? வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு? முன்பு இருந்த வீட்டை ஏன் விட்டீர்கள்? தகப்பன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று பதில் சொல்கிறார். தாய், பிள்ளை எங்காவது ஓடிவிடுமோ என்ற பயத்தில் அதன் கையை இறுகப் பிடித்திருக்கிறார். குசினியை ஒருமுறை எட்டிப் பார்க்கின்றனர். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வருகின்றனர். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஊரிலே பெண் பார்க்க வருபவர்கள்கூட ஒரு மணி நேரமாவது இருந்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். இங்கே பார்க்கப்பட்டது வீடா, குடும்பமா என்ற ஐயம் எமக்கு எழுகின்றது. கத்தரிக்காயை அமர்த்திப் பார்க்காமல் வாங்காத எமது தாய்மார், மாதாமாதம் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கப்போகும் வீட்டின் தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்ப்பதில்லை.

இதற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. காரணம் பயம். அப்பயம் கனடாவில் எமக்கு வந்ததன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓர் அறை தேடி அலைந்த காலத்திலேயே அது வந்துவிட்டது. தமிழருக்குக் கொடுப்பார்களா, பொலிஸ் பதிவுக்கு வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, எத்தனை மாதத்து முற்பணம் கேட்பார் என்று நடுங்கி நடுங்கியே கதவைத் தட்டினோம். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், அங்கே தங்குவதற்குத் தக்க காரணம் இல்லையென்று பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆயினும் வாடகைக்கு இருப்பதற்கே காரணம் காட்டவேண்டும் என்ற அச்சம் அத்தனை விரைவில் உடம்பை விட்டுப் போவதில்லை. அந்த உடம்போடுதான் நாம் இங்கேயும் வீடு பார்க்கப் போகின்றோம்.

இம்மாநகரில் எம்மவர் முதலிற் குடியேறிய இடங்களில் ஒன்று சென் ஜேம்ஸ் ரவுண். 1960களில் எழுப்பப்பட்ட அந்த உயர்மாடிகள், நகரின் மத்தியில் வேலைபார்க்கும் இளம் கனடியர்களுக்கென்று கட்டப்பட்டவை. அவர்கள் விட்டுப்போன அறைகளில் புதிதாக வந்தவர்கள் குடிபுகுந்தனர். 1983இன் பின் வந்த எமது இளைஞர்கள் ஒரு வீட்டில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருந்து, முறை வைத்துச் சமைத்து, முறை வைத்துத் தூங்கினர். அன்று வீடு பார்ப்பது என்றொரு சடங்கே இருக்கவில்லை. முன்னர் வந்தவர் ஒரு மெத்தையை விரித்துவிடுவார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தின் நன்மையும் தீமையும் இன்றுவரை எம்முடன் வருகின்றன. தெரிந்தவர் சொன்னார் என்று போய், தெரிந்தவர் முகத்துக்காகக் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைப்பது அதில் ஒன்று.

அண்மையில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கூறுவோம். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்ததன் பின் வந்தவர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பத்து மாதம் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, இனியும் இருந்தால் உறவு கெட்டுவிடும் என்ற நிலையில் ஒரு கொண்டோ வீட்டைப் பார்க்கச் சென்றனர். கதவுக்கு வெளியே வேறு ஆறு குடும்பங்கள் வரிசையில் நின்றன. முகவர் இவர்களைத் தனியே அழைத்து, ஆறு மாத வாடகையை முற்பணமாகத் தந்தால் பெயரை முன்னுக்கு வைக்கலாம் என்றார். சீட்டைக் கழித்து எடுத்தும், மைத்துனரிடம் கடன் வாங்கியும் கொடுத்தனர். வீடு கிடைத்தது. சரியாக ஒரு வருடம் கழிய மாத வாடகையில் 400 டொலரைக் கூட்டி அறிவித்தல் வந்தது. இவ்வளவு கூட்டலாமா என்று கேட்டு எம்மிடம் வந்தார்கள். கூட்டலாம். அக்கட்டடம் புதியது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின் முதன்முதலாக மக்கள் குடிபுகுந்த வீடுகளுக்கு ஒன்ராறியோவின் வாடகை உச்சவரம்பு பொருந்தாது. எழுத்தில் 90 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூட்டக்கூடாது என்பவை மட்டுமே அங்கே காவல். பழைய கட்டடமாக இருந்திருந்தால் 2025இல் 2.5 வீதம், 2026இல் 2.1 வீதம் என்ற வரம்புக்குள் நின்றிருக்கும். மேற்கொண்டு கூட்டவேண்டின் வீட்டுக்காரர் வாடகைச் சபையின் அனுமதியைப் பெறவேண்டும்.

இந்த வீட்டில் முதன்முதலில் எப்போது ஆட்கள் குடிவந்தனர்? வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடத்துக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. பளபளக்கும் புதிய வீட்டைக் கண்டதும் மனம் மயங்குவது இயல்பு. பழுப்பேறிய 1970களின் தொடர்மாடியில் அகலமான அறைகளும் வரம்புக்குட்பட்ட வாடகையும் இருப்பதைக் குடும்பங்கள் ஆறுதலாக யோசிக்கவேண்டும். அதற்காகப் பழையதெல்லாம் நல்லதென்று நாம் கூறவில்லை. 2018 ஓகஸ்ட் 21ஆம் திகதி, சென் ஜேம்ஸ் ரவுணில் பார்லிமென்ட் வீதி 650ஆம் இலக்கக் கட்டடத்தின் மின்னிணைப்பில் தீப்பற்றியதில் ஏறத்தாழ 1,500 பேர் வெளியேற நேர்ந்தது. அவர்கள் மீண்டும் உள்ளே போவதற்கு 2020 ஆகிவிட்டது. பூட்டிய கதவுக்குள் தம் வீடு துப்புரவாக இருந்ததால் அவர்களுக்குப் பயனில்லை. வீடு பார்க்கப் போகிறவர் கட்டடத்தையும் பார்க்கவேண்டும். லிப்ட் எத்தனை, அதில் எத்தனை ஓடுகின்றன, படிக்கட்டுக் கதவு திறக்கிறதா, சலவை அறை எப்படி இருக்கிறது என்பவற்றைக் கால்நடையாகப் போய்ப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் கொண்ட வாடகைக் கட்டடங்களை நகரசபை 2017 யூலை முதல் 'ரென்ட்சேஃப்' என்ற திட்டத்தின்கீழ்ப் பதிந்து, பரிசோதித்துப் புள்ளி வழங்கி வருகின்றது. பிள்ளைகளின் தவணைப் புள்ளி அறிக்கையைப் போலத்தான். அந்தப் புள்ளிகளை நகரசபையின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். கணினி தெரிந்த பிள்ளை எந்த வீட்டில்தான் இல்லை? கரப்பான், மூட்டைப்பூச்சி உள்ள வீட்டைப் புதியவருக்கு வாடகைக்கு விடுவதை இத்திட்டத்தின் விதிகள் தடுக்கின்றன. குசினி அலுமாரியின் மூலையையும், கழுவுதொட்டியின் கீழ்ப்புறத்தையும் ஒரு கைவிளக்கை அடித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கவேண்டும் என்பதும் இந்நகரின் விதி. இருபத்தொரு பாகை கிடைக்கிறதா என்று அங்கே இப்போது இருப்பவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர் உண்மையைச் சொல்வார். லிப்டில் வருபவரிடமும் கேட்கலாம்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. எம்மவர் அதிகம் ஏமாறுவது அங்கேதான். 2007 சனவரியில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, முதல் மாத வாடகைக்கு மேலதிகமாக வீட்டுக்காரர் கேட்கக்கூடிய வைப்புப் பணம் ஒரு மாத வாடகை மட்டுமே. அது கடைசி மாத வாடகையாகக் கழிக்கப்படவேண்டும். ஆண்டுதோறும் அதற்கு வட்டியும் கொடுக்கப்படவேண்டும். வீடு பழுதானால் திருத்துவதற்கென்று வைப்புப் பணம் கேட்பது சட்டவிரோதம். திறப்புக்குப் பணம் வாங்கலாம். ஆனால் திறப்பு மாற்றும் செலவுக்கு மேற்படக்கூடாது, திறப்பைக் கொடுக்கும்போது பணமும் திரும்பவேண்டும். பன்னிரண்டு காசோலைகளுக்குப் பின்திகதியிட்டுக் கையெழுத்து வைக்குமாறு கட்டாயப்படுத்த முடியாது. கேட்டால் பற்றுச்சீட்டு இலவசமாகக் கொடுக்கவேண்டும். மேலதிகமாகப் பறிக்கப்பட்ட பணத்தை ஒரு வருடத்துக்குள் வாடகைச் சபையில் விண்ணப்பித்துத் திரும்பக் கேட்கலாம். மேலே நாம் குறிப்பிட்ட குடும்பம் அவ்வருடம் கடந்தபின் வந்ததுதான் எமது கவலை. வீட்டைக் கண்ணால் காணுமுன், படத்தை மட்டும் பார்த்துக் கைத்தொலைபேசியில் பணம் அனுப்புவோரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும். இப்போதைக்கு, அனுப்பாதீர்கள்.

எங்களை எடைபோட அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அகதி என்றோ, அரச உதவிப் பணம் பெறுபவர் என்றோ, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றோ வீடு மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கின்றது. 'வயதுவந்தோர் மட்டும்' என்று கட்டடங்கள் பலகை தொங்கவிட்ட காலமும் இங்கே இருந்தது. 1986இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் வாடகை போகும் என்பதை மட்டும் காரணங்காட்டி விண்ணப்பங்களைத் தள்ளுவதும் பாகுபாடே என்று 1998இல் விசாரணைச் சபையொன்று தீர்ப்பளித்தது. புதிதாக வந்தவரிடம் கிரெடிட் ரிப்போர்ட் இல்லாதிருப்பதும், கெட்ட ரிப்போர்ட் இருப்பதும் ஒன்றல்ல என்பதே மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. இவற்றை வாசலில் நின்று முழங்கச் சொல்லவில்லை. முழங்கினால் வீடு கிடைக்காது என்பது எமக்கும் தெரியும். தெரிந்திருந்தால் நிமிர்ந்து நின்று பேசலாம், அதுவே போதும்.

இதுவரை கூறியது பெருங்கட்டடங்களையும் முகவர்களையும் பற்றியது. ஆனால் எமது வாசகர்களிற் கணிசமானோர் வாடகைக்கு இருப்பது எம்மவர் வீட்டுப் பேஸ்மென்டில் என்பதை மறைப்பதற்கில்லை. பேஸ்மென்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1994இல் புதிய ஜனநாயகக் கட்சி அரசு, மாகாணமெங்கும் இக்குடியிருப்புகளை அனுமதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 1996இல் முடிவெடுக்கும் அதிகாரம் மீண்டும் நகரசபைகளின் கைக்குப் போயிற்று. ரொறன்ரோவில் நகரெங்கும் அனுமதி வந்தது 2000ஆம் ஆண்டில். அந்த இழுபறிக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அனுமதியற்ற பேஸ்மென்டுகளில், தபாற்பெட்டியில் பெயர்கூட எழுதாமல் இருந்தன. 'இது சட்டப்படி இல்லாத பேஸ்மென்ட், உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை' என்று சொல்லும் வழக்கமும் அன்று தோன்றியதே. அது உண்மையன்று. அனுமதியில்லாத பேஸ்மென்டில் இருப்பவரையும், எழுத்தில் ஒப்பந்தமே இல்லாதவரையும் வாடகைச் சட்டம் பாதுகாக்கின்றது. வீட்டுக்காரருடனோ அவரது நெருங்கிய குடும்பத்தவருடனோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருப்பவருக்குத்தான் அப்பாதுகாப்பு இல்லை. ஆகவே பேஸ்மென்ட் பார்க்கும்போது குசினி தனியா, பொதுவா என்று கேட்பது சமையல் வசதிக்காக மட்டுமல்ல. அதற்கடுத்து, யன்னலைப் பாருங்கள். தீப்பிடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியுமா? புகை அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வீட்டுக்காரராகிய எம்மவருக்கும் கஷ்டம் உண்டு. கனடிய மத்திய வங்கியின் வட்டிவீதம் 2022 மார்ச்சுக்கு முன் 0.25 ஆக இருந்து 2023 யூலையில் 5 வீதத்தைத் தொட்டபோது, இரண்டு வேலை பார்த்து வீட்டுக்கடன் கட்டியவர்கள் பட்டபாட்டை நாம் அறிவோம். வாடகை தராமல் இருப்பவரை எழுப்ப வாடகைச் சபையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதும் உண்மையே. அவர்கள் தெரிந்தெடுத்துக் கொடுக்க விரும்புவதை நாம் குறைகூறவில்லை. எதனைக் கொண்டு தெரிந்தெடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

"தம்பி, ஊரிலை எவடம்?" என்று தொடங்கும் விசாரணை எமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, தகப்பனார் என்ன செய்தவர் என்று அது நீளும். கேட்பவர் எதைத் தேடுகிறார் என்பது கேட்கப்படுபவருக்கும் தெரியும். கடைசியில், "மனிசியிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்ற பதில் வரும். பிறகு தொலைபேசி எடுபடாது. கிரெடிட் ரிப்போர்ட் கேட்கும் கனடிய நிறுவனம் கடுமையானது என்று பேசுகின்றோம். அந்த நிறுவனம் பாட்டனாரின் தொழிலைக் கேட்பதில்லை. 2023 ஒக்டோபரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, சாதியின் பேரால் காட்டப்படும் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று தனது கொள்கையை வெளியிட்டது. வீடும் வேலையும் அதில் உட்பட்டவை. எம்மவர் எத்தனை பேர் அதனை வாசித்தனரோ அறியோம்.

ஊரில் ஆசிரியப் பணியில் இருந்த எமக்கு, 'திறந்த வீடு' என்ற சொல்லைக் கேட்டால் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் நினைவுக்கு வரும். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பக்கமாக நடந்தது. தென்மராட்சியில் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பிய பின், மீசாலையிலும் கொடிகாமத்திலும் முன்பின் அறியாத மக்கள் தம் விறாந்தைகளையும் மாட்டுக்கொட்டில்களையும் ஒழுங்குபடுத்தித் தந்தனர். எல்லோரும் அவ்வாறு இருந்தனர் என்று நாம் சொல்லவரவில்லை. விறாந்தைக்கு வாடகை கேட்டவரும் இருந்தனர். கிணற்றில் அள்ளுவதற்கு முன் ஊர் விசாரித்தவரும் இருந்தனர். அந்த இரண்டு விதமானவர்களின் பிள்ளைகளும் இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டுக்காரர்கள். விறாந்தையில் படுத்தவர்களின் பிள்ளைகளும் அவ்வாறே.

தமிழ்க் கடைகளின் அறிவித்தற் பலகைகளிலும் வாடகை விளம்பரங்களிலும் 'பிள்ளைகள் இல்லாத தம்பதியினர் விரும்பத்தக்கது' என்ற வரியை இன்னும் காண்கின்றோம். குசினியும் குளியலறையும் தனியாக உள்ள வீட்டுக்கு அப்படி விளம்பரம் செய்வது சட்டத்துக்கு மாறானது. ஐந்து பிள்ளைகளுடன் பிறந்தவர்கள் அதனை எழுதுவது வேறொரு வேடிக்கை. விளம்பரம் எழுதுவோரிடம் நாம் கேட்பது இதுதான்: எத்தனை அறை, வாடகை எவ்வளவு, மின்சாரமும் வெப்பமும் அதனுள் அடங்குமா, பேருந்துத் தரிப்பிடம் எவ்வளவு தூரம், முதன்முதலில் எந்த ஆண்டில் குடிவிட்டது என்பவற்றை எழுதுங்கள். பிள்ளைகளைப் பற்றிய வரியை வெட்டிவிடுங்கள். பார்க்க வருகிறவர்களை அரை மணி நேரமாவது உள்ளே விடுங்கள். அவர்கள் குழாயைத் திருகிப் பார்த்தால் கோபிக்காதீர்கள்.